ஒரு நாழிகை வழி

தூரத்தை அளப்பதற்கு நம் முன்னோர் இரு கோல்களைக் கையாண்டனர். ஒன்று நிலத்தின்மீது கிடத்தி அளக்கும் கோல். மற்றது காலத்தின்மீது கிடத்தி அளக்கும் கோல். காதம், யோசனை என்பன முதல் வகையைச் சேர்ந்தவை. ‘நாழிகை வழி’ என்பது இரண்டாவது வகை. ஒரு நாழிகை என்பது இருபத்து நான்கு நிமிடம். அந்நேரத்தில் ஒருவன் நடந்து கடக்கும் தொலைவே ஒரு நாழிகை வழி. அகராதிகாரர் அதனை ஒன்றேகால் முதல் ஒன்றரை மைல் என்று கணக்கிடுவர். இச்சொற்றொடரை ஆக்கிய பெயரறியாத் தமிழன் பெரிய ஞானி என்றே எண்ணுகிறேன். வழிப்போக்கனுக்குப் பொருட்டாவது நிலத்தின் நீளமன்று, அந்த நீளம் அவனுடைய வாழ்நாளில் எவ்வளவைத் தின்கிறது என்பதே என்று அவன் கண்டிருக்கிறான். இன்றும் நம்மூரில் “சந்தை எவ்வளவு தூரம்?” என்று கேட்டால், “கால் மணித்தியாலம்” என்றுதானே மறுமொழி வருகிறது!

இந்தப் பழைய கோலைக் கையிலெடுத்துக்கொண்டு, இரண்டு சிறு விமான நிலையங்களுக்கிடையே உள்ள தொலைவை அளந்து பார்க்க வேண்டுமென்பது என் ஆசை. ஒன்று வலிகாமத்தின் செம்மண் நிலத்திலே கிடக்கும் பலாலி. மற்றது காவிரிக் கரை நகரமாகிய திருச்சிராப்பள்ளி. உலகத்தின் பெரிய விமானத் தளங்களுள் இவ்விரண்டையும் யாரும் எண்ணுவதில்லை. ஆயினும் இவற்றுக்கிடையே உள்ள தூரத்தைப் பற்றிச் சிந்திப்பது ஆசிரியருக்கும் மாணவருக்கும் இலக்கிய அன்பருக்கும் பயன்தரும். அது வெறும் பூகோளக் கணக்கன்று என்பதை இக்கட்டுரையின் முடிவில் வாசகர் உணர்வர்.

கணக்கு என்ன சொல்கிறது?

முதலிலே கணக்கையே செய்துவிடுவோம். உயர்வகுப்பு மாணவன் எவனும் செய்யக்கூடிய கணக்கு இது. பலாலி வட அகலக்கோடு 9 பாகை 47 கலையிலும், கிழக்கு நெடுங்கோடு 80 பாகை 4 கலையிலும் உள்ளது. திருச்சி விமான நிலையம் வட அகலக்கோடு 10 பாகை 46 கலை, கிழக்கு நெடுங்கோடு 78 பாகை 43 கலை. அகலக்கோட்டு வேறுபாடு 59 கலை. நெடுங்கோட்டு வேறுபாடு 81 கலை. ஆனால் நெடுங்கோடுகள் துருவத்தை நோக்கி நெருங்கிச் செல்வதால் இந்த அகலக்கோட்டில் அதனை ஏறத்தாழ 80 ஆகக் குறைத்துக்கொள்ள வேண்டும். பைதகரசின் தேற்றத்தைத் துணைக்கழைத்தால் 59இன் வர்க்கமும் 80இன் வர்க்கமும் சேர்ந்து 9,881. அதன் வர்க்கமூலம் 99க்குச் சற்று மேல். அகலக்கோட்டின் ஒரு கலை ஒரு கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீற்றர். ஆகவே பலாலிக்கும் திருச்சிக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறத்தாழ 184 கிலோமீற்றர்.

இவ்வாறே மற்ற ஊர்களையும் அளந்து பார்க்கலாம். பலாலியிலிருந்து இரத்மலானை ஏறத்தாழ 330 கிலோமீற்றர். பலாலியிலிருந்து சென்னை ஏறத்தாழ 355 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்தவனுக்குத் தன் நாட்டின் பெருநகரமாகிய கொழும்பு இருக்கும் தொலைவில், திருச்சி பாதிக்குச் சற்றே அதிகமான தொலைவில் இருக்கிறது. சென்னையோ கொழும்பிலும் பார்க்கச் சிறிதளவுதான் தூரம்.

இதனை ஒரு வகுப்பிலே நான் சோதித்துப் பார்த்ததுண்டு. நிலப்படத்தை மூடி வைத்துவிட்டு, “கொழும்பு கிட்டவா, திருச்சி கிட்டவா?” என்று கேட்டேன். கொழும்புதான் கிட்ட என்று ஒரு மாணவி நீங்கலாக எல்லோரும் கூறினர். அந்த ஒரு மாணவியும் விடையை அறிந்து சொன்னவளல்லள். “சேர் கேட்கிற விதத்திலே ஏதோ சூது இருக்கிறது” என்று ஊகித்தவள். படத்தைத் திறந்து அடிமட்டத்தை வைத்துக் காட்டியபோது வகுப்பு வியந்தது. பிள்ளைகள் பிழை விட்டார்கள் என்று நான் கருதவில்லை. அவர்கள் தங்கள் குடும்பத்தின் அநுபவத்தைச் சொன்னார்கள். கொழும்புக்குப் போய் வந்தவர்களை அவர்கள் அறிவர். திருச்சிக்குப் போய் வந்தவர்களைப் பற்றிக் கதைகளாகவே கேட்டிருக்கிறார்கள். அடிமட்டம் ஒன்று சொல்கிறது, வாழ்க்கை வேறொன்று சொல்கிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு எங்கே பிறக்கிறது என்பதுதான் நம் கேள்வி.

இருபத்திரண்டு நிமிடம் எப்படி ஒரு மணியாகிறது?

இந்த வழிகளில் பறப்பவை ஏ.ரி.ஆர். 72 எனப்படும் இரட்டைச் சுழலி விமானங்கள். ஏறத்தாழ எழுபது பேர் அமரலாம். மட்டமாகப் பறக்கும்போது மணிக்குச் சுமார் 500 கிலோமீற்றர் வேகம். அந்த வேகத்தில் 184 கிலோமீற்றரைக் கடக்க 22 நிமிடம் போதும். ஒரு நாழிகைக்கும் குறைவு! நம் முன்னோன் ஒன்றரை மைல் நடந்த நேரத்துக்குள் கடலைத் தாண்டிக் காவிரிக்குப் போய்விடலாம் என்று காகிதக் கணக்கு கூறுகிறது. ஆனால் விமான நேர அட்டவணை ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் என்கிறது. சென்னைக்கு ஒன்றேகால் மணித்தியாலம் என்கிறது. யாரும் நம்மை ஏமாற்றவில்லை. ஏன் இவ்வாறு என்பதைப் பார்ப்போம்.

விமானம் வில்லிலிருந்து விட்ட அம்பன்று. அது முதலில் நிலத்தில் உருண்டு ஓடுபாதையின் முனைக்குப் போக வேண்டும். எழும்பிய பின் பத்து நிமிடமளவு மேலேறுகிறது. இறங்குவதற்கும் அவ்வளவு நேரம் வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் அதன் சராசரி வேகம் மணிக்கு 330 கிலோமீற்றர் என்று வைத்துக்கொண்டால், அந்த இருபது நிமிடத்தில் 110 கிலோமீற்றர் கடந்துவிடும். மிஞ்சியிருப்பது 74 கிலோமீற்றர்தான். அதாவது, விமானம் தன் முழு வேகத்தைக் காட்டுவதற்குக் கிடைப்பது ஒன்பது நிமிடமே! இருபதும் ஒன்பதும் இருபத்தொன்பது. நேர்கோட்டில் அன்றி வகுத்த வழியில் பறப்பதாலும், ஓடுபாதையின் திசைக்குத் திரும்பி நேராக வருவதாலும் மேலும் ஐந்தாறு நிமிடம். இரு புறமும் நிலத்தில் ஊர்ந்து செல்வதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம். எதிர்பாராத சிறு தாமதங்களுக்கென நிறுவனம் சேர்த்துக்கொள்ளும் சில நிமிடம். கூட்டிப் பாருங்கள், அட்டவணையின் கணக்கு வந்துவிடும்.

காற்றும் இக்கணக்கில் பங்கெடுக்கிறது. ஆயினும் இந்த வழிக்கு ஒரு தனி அதிர்ஷ்டம் உண்டு. திருச்சியிலிருந்து பலாலி தென்கிழக்கே இருக்கிறது. நம் இரு பருவக் காற்றுகளுள் ஒன்று தென்மேற்கிலிருந்தும் மற்றது வடகிழக்கிலிருந்தும் வருகிறது. இரண்டும் இந்த வழிக்கு ஏறத்தாழக் குறுக்காகவே வீசுகின்றன. ஆதலால் போகும் நேரத்துக்கும் வரும் நேரத்துக்கும் பெரிய வேறுபாடில்லை. கடிகாரத்திலும் இன்று வேறுபாடில்லை. 1996இல் இலங்கை தன் கடிகாரத்தை முன்னே நகர்த்தியது. 2006 ஏப்ரலில்தான் இந்திய நேரத்தோடு மீண்டும் ஒத்துவந்தது. அந்தப் பத்தாண்டுகளில் அரை மணித்தியாலத் தூரத்திலுள்ள அயலவர் இருவர் வெவ்வேறு நேரம் காட்டும் கடிகாரங்களோடு வாழ்ந்தனர்.

“இன்னும் விரைவான ஜெற் விமானத்தை விட்டால் என்ன?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மணிக்கு 800 கிலோமீற்றர் வேகத்தில் 184 கிலோமீற்றரைக் கடக்கப் பதினான்கு நிமிடம் ஆகும். காகிதத்தில்கூட எட்டு நிமிடமே இலாபம். உண்மையில் அதுவும் கிடையாது. அவ்வேகத்தை எட்டுமுன்பே இறங்கத் தொடங்க வேண்டும். மறுபுறம் பின்னோக்கிப் பாருங்கள். எயார் சிலோனின் முதல் விமானம் 1947 டிசம்பர் 10இல் இரத்மலானையிலிருந்து புறப்பட்டுக் காங்கேசன்துறை என்று அன்று அழைக்கப்பட்ட இந்தத் தளத்தின் வழியாகச் சென்னைக்குப் பறந்தது. அது டக்கோட்டா விமானம். மணிக்கு 280 கிலோமீற்றர் வேகத்தில் அத்தகைய விமானம் திருச்சித் தூரத்தை நாற்பது நிமிடத்துக்குள் கடந்துவிடும். டக்கோட்டாவுக்கும் இன்றைய விமானத்துக்கும் இடையே வேறுபாடு பதினேழு நிமிடம். முக்கால் நூற்றாண்டுக் கால விஞ்ஞானம் இந்த வழியில் நமக்குச் சேமித்துத் தந்தது ஒரு கோப்பை தேநீர் ஆறும் நேரந்தான்.

இதிலிருந்து ஒரு முடிவு பெறப்படுகிறது. இந்தத் தூரத்தைக் குறைக்கும் ஆற்றல் இனி இயந்திரத்திடம் இல்லை. மீதியுள்ள நீளம் முழுவதும் மனிதன் செய்தது; மனிதனாலேயே குறைக்கப்பட வேண்டியது.

மனிதன் நீட்டிய தூரம்

அந்த நீளத்தை இப்போது அளப்போம். யாழ்ப்பாண நகரிலிருந்து பலாலிக்கு ஏறத்தாழப் பத்து மைல். வெளிநாட்டுப் பிரயாணம் என்பதால் இரண்டு மூன்று மணித்தியாலம் முன்னதாகவே போய்ச் சேர வேண்டும். அங்கே பரிசோதனை, பதிவு, குடிவரவு, மீண்டும் பரிசோதனை. அக்கரையில் இறங்கியதும் குடிவரவு, சுங்கம், பின் நகரத்துக்குப் பயணம். வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசலுக்கு என்று கணக்கிட்டால் ஐந்து ஆறு மணித்தியாலம் ஆகிறது. அதே நேரத்தில் புகையிரதம் நம்மைக் கொழும்புக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஆகாயத்தில் அரை மணி. தரையில் ஐந்து மணி! இத்துடன் கடவுச்சீட்டும் விசாவும் எடுக்கச் செல்லும் நாட்களையும், பிரயாணச் சீட்டின் விலையை உழைத்துச் சேர்க்கும் மாதங்களையும் கூட்டினால், என் மாணவர்கள் கூறிய விடை எவ்வளவு சரியானது என்பது விளங்கும்.

பரிசோதனையும் கடவுச்சீட்டும் வேண்டாமென்று கூறும் பேதைமை எனக்கில்லை. இரு நாடுகள் இரு நாடுகளே. ஆனால் எவ்வளவு நேரம் அவசியம், எவ்வளவு நேரம் வெறும் வழக்கம் என்று பிரித்துப் பார்க்கும் கடமை நமக்குண்டு. ஒரு நாளில் ஒன்றிரண்டு சிறு விமானங்கள் வந்துபோகும் நிலையத்துக்கும், ஆயிரக்கணக்கானோர் நெரியும் பெரும் நிலையத்துக்கும் ஒரே அளவு காத்திருப்பு எதற்கு?

இதைவிடப் பெரிய நீளம் ஒன்று உண்டு. அது வழி திறப்பதும் மூடுவதும். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப் படை அமைத்த பலாலித் தளம், போருக்குப் பின் பொதுமக்களுக்குப் பயன்பட்டது. எயார் சிலோன் மறைந்து 1979இல் எயார் லங்கா வந்தது. பின்னர் நாட்டைச் சூழ்ந்த உள்நாட்டுப் போர் பலாலியை முற்றாகப் படைத்தளமாக்கிற்று. தரைவழி அடைபட்ட ஆண்டுகளில் கொழும்புக்குச் செல்வதற்கே வடபகுதி மக்கள் விமானத்தையும் கப்பலையும் நம்ப வேண்டியிருந்தது. 1998 செப்ரெம்பர் 29இல் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னார்க் கடலில் வீழ்ந்து, அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். அவர்களைப் பொறுத்தவரை அந்த 330 கிலோமீற்றர் இன்னும் கடக்கப்படாமலே கிடக்கிறது. தூரத்தையும் நேரத்தையும் பற்றி எழுதுபவன் எவனும் அவர்களை நினையாமல் எழுதுதல் தகாது.

பல பத்தாண்டு இடைவெளிக்குப் பின் 2019 ஒக்டோபர் 17இல் பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அந்த ஆண்டு நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கியது. 2020 மார்ச்சில் பெருந்தொற்று அதனை நிறுத்தியது. 2022 டிசம்பர் 12இல் மீண்டும் தொடங்கியது. 2024 செப்ரெம்பரில் இண்டிகோ நிறுவனமும் சென்னையிலிருந்து வரத் தொடங்கியது. 2025 மார்ச் 30இல் திருச்சிச் சேவை பிறந்தது. கடல்வழியிலும் இதே கதைதான். நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 ஒக்டோபரில் கப்பல் வந்தது. சில நாட்களில் நின்றது. 2024 ஓகஸ்டில் மீண்டும் வந்தது. அதற்கு முந்திய தலைமுறை, 1914இல் தொடங்கிய தனுஷ்கோடி–தலைமன்னார்ப் படகுப் பாதையை நம்பியிருந்தது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியையே அழித்துவிட்டது.

திறந்து மூடும் வழி, திறந்தே கிடக்கும் நெடுவழியிலும் நீளமானது என்பது என் அபிப்பிராயம். ஓராண்டு இருந்து மறு ஆண்டு இல்லாமற்போகும் விமானத்தை நம்பி எந்த மாணவன் திருச்சியில் படிக்கச் சேர்வான்? எந்த நூல் வெளியீட்டாளன் வாணிகம் தொடங்குவான்? ஸ்கொத்லாந்தின் வடக்கே ஓர்க்னித் தீவுகளில் வெஸ்ற்றே, பாப்பா வெஸ்ற்றே என்ற இரு தீவுகளுக்கிடையே ஒரு விமானச் சேவை இருக்கிறது. தூரம் 2.7 கிலோமீற்றர், அட்டவணை நேரம் இரண்டு நிமிடம். உலகின் மிகக் குறுகிய ஒழுங்கான விமானச் சேவை என்று அதனை வேடிக்கையாகப் பேசுவர். வேடிக்கை அங்கே இல்லை. 1967 முதல் அது நடந்துவருகிறது. ஆசிரியரும் வைத்தியரும் மாணவரும் அதிலே போய்வருகின்றனர். அத்தீவு மக்கள் தங்கள் வாழ்வை அதன்மீது திட்டமிட முடிகிறது. இரண்டு நிமிடத்தின் பெருமை அதன் குறுமையிலில்லை. நாளையும் அது இருக்கும் என்ற உறுதியிலே இருக்கிறது.

விலையையும் அரசு நினைத்தால் சீர்செய்யலாம். இந்திய அரசு சிறு நகரங்களை இணைக்க வகுத்த ‘உடான்’ திட்டத்தில், ஒரு மணித்தியாலப் பறப்புக்கு ஒரு பகுதி ஆசனங்களுக்கேனும் 2,500 இந்திய ரூபா என்ற உச்ச விலையை விதித்தது. 2017 ஏப்ரலில் சிம்லாவுக்கும் டில்லிக்கும் இடையே அதன் முதல் விமானம் பறந்தது. அத்திட்டத்தின் குறைநிறைகளை ஆராய்வது ஈண்டு நோக்கமன்று. ‘ஒரு மணித்தியாலம்’ என்பதை ஓர் அலகாக எடுத்து, அதற்குச் சாதாரண மனிதன் கொடுக்கக்கூடிய விலை இது என்று ஓர் அரசு எண்ணிப் பார்த்தது என்பதே நாம் கவனிக்க வேண்டியது. நமது வழியும் ஒரு மணித்தியால வழியே.

நெருக்கம் நம்மை விழுங்கிவிடுமா?

இனி இலக்கிய அன்பர்கள் சிலர் எழுப்பும் ஆட்சேபத்துக்கு வருவோம். “தமிழகம் நெருங்கி வந்தால் நமக்கென்ன நன்மை? முன்னரே அங்கிருந்து வந்த சஞ்சிகை வெள்ளத்தில் நம் எழுத்து மூழ்கிக் கிடந்தது. தூரமே நமக்குக் காவல்” என்பது அவர்கள் வாதம். இதனை இலேசாகத் தள்ளிவிட முடியாது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தேசிய இலக்கியம், மண்வாசனை என்ற குரல்கள் எழுந்தது இக்காரணத்தாலேயே. 1966இல் டொமினிக் ஜீவா யாழ்ப்பாணத்தில் ‘மல்லிகை’யைத் தொடங்கி, நம் மண்ணின் எழுத்துக்கு ஓர் இடம் தேடினார். எழுபதுகளின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாடு தமிழகச் சஞ்சிகைகளின் வரவைக் குறைத்தபோது இங்கு நூல் வெளியீடு தழைத்தது என்பதும் உண்மை.

ஆனால் அந்த வாதத்தின் அடியிலுள்ள உண்மையை நன்கு நோக்க வேண்டும். நம்மை வருத்தியது நெருக்கமன்று, ஒருவழிப் போக்குவரத்து. அங்கிருந்து மூட்டை மூட்டையாக வந்தது. இங்கிருந்து ஒன்றும் போகவில்லை. நெருக்கம் இருவழியாக இருந்த காலங்களில் நாம் தேய்ந்துபோகவில்லை. 1849இல் அச்சியந்திரம் வாங்கச் சென்னைக்குப் போன ஆறுமுகம், வழியில் திருவாவடுதுறை ஆதீனத்தில் ‘நாவலர்’ பட்டம் பெற்றுத் திரும்பினார். 1864இல் சிதம்பரத்தில் பாடசாலையும் நிறுவினார். சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றியபோது, யாழ்ப்பாணத்தவர் ஒருவர் தமிழகத்துக்கே சங்கநூல் ஒன்றை எடுத்துக் கொடுத்தவரானார். விபுலாநந்த அடிகளின் ‘யாழ் நூல்’ 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. எயார் சிலோனின் முதல் விமானம் பறப்பதற்கு ஆறு மாதம் முன்பு! நாவலர் காலத்தில் விமானம் இல்லை. பாய்மரத் தோணியும் மாட்டு வண்டியுமே இருந்தன. வாரக்கணக்கில் பயணம் செய்தவர்கள், ஒரு மணித்தியால வழியிலுள்ள நம்மிலும் பார்க்க அக்கரைக்கு நெருக்கமாக வாழ்ந்தார்கள்.

இன்றைய நிலை என்ன? விமானம் திருச்சியிலிருந்து வரும்போதும் எழுபது ஆசனம். திரும்பிப் போகும்போதும் எழுபது ஆசனம். இயந்திரம் இருவழியையும் சமமாகவே பறக்கிறது. ஆனால் புத்தகங்கள்? தமிழக நூல்கள் நம் புத்தகக் கடைகளில் அடுக்கடுக்காக நிற்கின்றன. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ மலையகத்திலோ அச்சான நூலைத் திருச்சிக் கடையொன்றில் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புவீர்கள். எழுத்தாளர் நண்பர் ஒருவர் தம் புதிய சிறுகதைத் தொகுதியின் ஐம்பது பிரதிகளை அக்கரைக்குக் கொண்டுசெல்ல எண்ணி, பொதியின் எடைக் கணக்கைக் கேட்டதும் பன்னிரண்டோடு நிறுத்திக்கொண்டார். அந்தப் பன்னிரண்டு பிரதிகளும் நண்பர்கள் கையில் அன்பளிப்பாகப் போய்ச் சேர்ந்தன. கடை எதற்கும் போகவில்லை. நெருக்கம் விழுங்கிவிடும் என்று அஞ்சுவோர், கதவை மூடச் சொல்லாமல், கதவின் மறுபாதியையும் திறக்கச் சொல்ல வேண்டும்.

ஓடுபாதையின் ஓரத்தில்

இத்துடன் கூறாமல் விடக்கூடாத ஒன்று உண்டு. விமான நிலையம் ஆகாயத்தில் கட்டப்படுவதில்லை. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் தங்கள் வீடுகளையும் தோட்டங்களையும் விட்டு இடம்பெயர்ந்தனர். போருக்குப் பின் காணிகள் படிப்படியாக விடுவிக்கப்பட்டன. ஆயினும் முழுவதும் உரியவர் கைக்கு வந்துவிடவில்லை. வெங்காயமும் புகையிலையும் வாழையும் விளைந்த செம்மண் அது. ஓடுபாதை நீள வேண்டும், பெரிய விமானங்கள் வர வேண்டும் என்று மேடைகளில் பேசுவோர், நீளும் ஒவ்வொரு மீற்றரும் யாருடைய தோட்டத்தின்மேல் நீள்கிறது என்பதையும் அதே மேடையில் கூற வேண்டும்.

திருச்சித் தூரத்துக்குப் பெரிய விமானத்தால் இலாபம் எட்டு நிமிடமும் இல்லை என்பதை மேலே கண்டோம். அயல் ஊர்களுக்குச் செல்லச் சிறு விமானமே பொருத்தமானது; அதற்குக் குறுகிய ஓடுபாதை போதும். தூர தேசங்களுக்கு இங்கிருந்தே நேராகப் பறக்க வேண்டுமென்றால் அது வேறு விஷயம். அதனை வேறாகவே பேசி, நிலத்துக்குரியவர்களிடம் கேட்டு, உரிய நட்டஈடும் மாற்று நிலமும் கொடுத்து முடிவு செய்ய வேண்டும். முப்பது ஆண்டுக்கு மேலாக நலன்புரி நிலையத்திலும் உறவினர் வீட்டிலும் இருந்துகொண்டு, தன் வளவுக்கு மேலே விமானம் இறங்குவதைப் பார்க்கும் ஒருவனுக்கு, திருச்சி அரை மணித் தூரம். தன் வீட்டு வாசலோ எட்டாத் தூரம். இந்த முரண்பாட்டைத் தீர்க்காமல் நாம் பெருமைப்படும் நெருக்கம் அரைகுறையானதே.

செய்யக்கூடியவை

குறை கூறுவதோடு நின்றுவிடுவது கட்டுரையாளர்களின் பழைய வியாதி. ஆகவே என் சிற்றறிவுக்கு எட்டியவற்றையும் கூறிவிடுகிறேன். முதலாவது, இந்த வழி நிலையாக நடக்க வேண்டும். இலாபம் குறைந்த மாதத்தில் நின்றுவிடாதபடி இரு அரசுகளும் அதற்கு ஓர் உறுதியைக் கொடுக்கலாம். ஓர்க்னியில் முடிந்தது இங்கே முடியாததன்று. இரண்டாவது, சிறு நிலையத்துக்கு ஏற்ற சிறு காத்திருப்பு. மூன்றாவது, மாணவருக்கும் ஆசிரியருக்கும் ஆராய்ச்சியாளருக்கும் பல முறை போய்வரக்கூடிய இலகுவான விசா. நான்காவது, அச்சிட்ட நூல்களுக்கு எடைச் சலுகை. பட்டுச் சேலைக்கும் புத்தகத்துக்கும் ஒரே தராசு வேண்டாம்.

ஐந்தாவது, ஆசிரிய நண்பர்களுக்கு உரியது. அதற்கு அரசின் அநுமதி தேவையில்லை. ஒரு நிலப்படமும் அடிமட்டமும் போதும். பலாலிக்கும் திருச்சிக்கும் இடையே உள்ள தூரத்தை உங்கள் மாணவர்கள் தாங்களே கணக்கிடட்டும். அதன்பின் அந்தத் தூரம் எத்தனை நிமிடமாகிறது, எத்தனை மணியாகிறது, எத்தனை ஆண்டு ஆகியிருந்தது என்று அவர்களே வரிசைப்படுத்தி எழுதட்டும். பூகோளமும் கணிதமும் சரித்திரமும் குடியியலும் ஒரே பாடத்தில் அடங்கிவிடும். 184 கிலோமீற்றர் என்பது இயற்கை நமக்கு விதித்தது. அதனை மாற்ற எவராலும் இயலாது. இருபத்திரண்டு நிமிடத்தை ஒரு மணியாக்கியது இயந்திரத்தின் நியாயம். அதனோடு வழக்கிட வேண்டியதில்லை. ஒரு மணியை அரை நாளாக்கியதும், அரை நாளை நாற்பது ஆண்டாக்கியதும் மனிதர் செய்கை. மனிதர் செய்ததை மனிதரே திருத்தலாம் என்ற பாடத்தை எந்த வகுப்பிலும் தயங்காமல் கற்பிக்கலாம்.